மேட்டுக்குப் போகச் சொன்ன பலகை

கள்ளக்குறிச்சியில் என்னைக் கேரளாக்காரி ஆக்கியவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்தவர். பழக்க தோஷத்தில் "கொஞ்சம் சம்பல் வைங்க" என்று கேட்டுவிட்டேன். கரண்டியோடு நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சம்பலா? அது இன்னாங்க மேடம்?"

சட்னி வாளியைக் காட்டினேன்.

"கேரளாவா நீங்க?"

"இல்லங்க. இலங்கை. பதுளைப் பக்கம், தேயிலைத் தோட்டம்."

"அங்க சண்ட முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சு ரொம்ப நாளாச்சு."

"நல்லதுங்க" என்று சொல்லி, கேட்காமலேயே ஒரு வடையை இலையில் வைத்தார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எங்களுக்குப் பூர்வீகம் எந்த ஊர் என்று விசாரித்தார். தெரியாது என்றேன். என் அப்பாவுக்கும் தெரியாது. அவர் அதை நம்பவில்லை. கை கழுவப் போகும்போதுகூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

நான் போனது வேலையாக. எங்கள் மலைநாட்டில் எந்தச் சரிவு எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்தச் சரிவு இறங்கக்கூடியது என்று மட்டும் ஓரளவு சொல்லலாம். அதை வரைபடத்தில் குறிப்பதுதான் என் தொழில். நாங்கள் மண்சரிவு என்போம். இங்கே நிலச்சரிவு என்கிறார்கள். கள்ளக்குறிச்சி நகரத்துக்கு ஒரு புதிய படம் தயாராகிக்கொண்டிருந்தது. வெள்ளம், வெயில், இடி, தீ, மலைச்சரிவு எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, எந்தத் தெருவுக்கு என்னென்ன ஆபத்து வரும் என்று பார்ப்பதற்கான படம். அதில் கல்வராயன் மலைப் பக்கத்தைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள்.

என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றியவர் தேன்மொழி. உள்ளூர்க் கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுப்பவர், ரிஷிவந்தியத்துப் பெண். அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து ஊரைச் சுற்றியபோது எனக்கு முதலில் தோன்றியது நிம்மதிதான். எங்கள் ஊரில் தலையை நிமிர்த்தினால் மலை நிற்கும். படுத்தாலும் அது தலைமாட்டில் இருப்பது தெரியும். இங்கே கரும்பும் மக்காச்சோளமுமாகச் சமவெளி நீண்டு கிடக்க, மேலே வானம் முழுதாகத் திறந்திருந்தது. தலையில் விழுவதற்கு இங்கே ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அந்த எண்ணம் ஒரு நாளுக்குமேல் நிற்கவில்லை.

மறுநாள் காலை ஊரின் ஓரத்தில், ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலை ஒட்டிய ஒரு காலனிக்குப் போனோம். தெருவோ தாழ்வு, வீடுகளோ அதைவிடத் தாழ்வு. நாங்கள் கையில் படத்தோடு நுழைந்ததும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

"இன்னாங்க, வூட்ட எடுக்கப் போறீங்களா?" என்று ஒரு பெண் கேட்டார். முப்பது வயது இருக்கலாம். தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றியிருந்தார். பெயர் அஞ்சலை.

"இல்லக்கா. போன மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு குறிக்கிறோம்" என்றார் தேன்மொழி.

அஞ்சலை தன் வீட்டுச் சுவரைக் காட்டினார். பழுப்புக் கறை என் முழங்காலுக்குச் சற்று மேலே நின்றது.

"அப்ப நீங்கள்லாம் எங்க போனீங்க?" என்று கேட்டேன். எந்த ஊருக்குப் போனாலும் நான் கேட்கும் கேள்விதான் அது.

அவர் தெருக்கோடியைக் கை காட்டினார். அங்கே ஒரு தகரப் பலகை நின்றது. "வெள்ளக் காலத்தில் ஒதுங்கும் இடம்" என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. யார் எப்போது வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்பு காட்டிய திசையில் வயல்களுக்கு நடுவே ஒரு மேடு. மேட்டில் நாலைந்து பனைமரங்கள். அதில் ஒன்றுக்குத் தலை இல்லை.

நாங்கள் நடந்தோம். அஞ்சலையும் கூட வந்தார். பாதி வழியில் வரப்பின் மேல் நின்றுகொண்டார்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் அங்க வர்றதில்ல."

தேன்மொழி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அஞ்சலை பனைமரங்களைப் பார்க்காமல் எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"தண்ணி மொழங்காலுக்கு வந்துடுச்சிங்க. எல்லாரும் மோட்டுக்குப் போங்கன்னாங்க. போனோம். புள்ளைய தோள்ல தூக்கிக்கினு எங்க வூட்டுக்காரருதான் முன்னால போனாரு. புள்ளைய எங்கிட்ட குடுத்துட்டு, தார்ப்பாய கட்டலாம்னு மரத்துகிட்ட போனாரு." தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "வெளிச்சம்தாங்க பாத்தேன். சத்தம்கூட ஞாபகமில்ல."

அவருடைய கணவர் பெயர் ஏழுமலை. கரும்பு வெட்டும் ஆள்.

"தண்ணி சாயங்காலமே வடிஞ்சிடுச்சி" என்றார் அஞ்சலை. "வூட்டுலயே கட்டுலு மேல ஏறி உக்காந்திருந்தா இருந்திருப்பாரு."

திரும்பி வரும்போது அவர் மகள் சங்கீதாவைப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற குழந்தை. வானம் இருட்டினாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள் என்றார் அஞ்சலை.

அன்று மாலை தேன்மொழியின் வீட்டில், அவர் அம்மா சுட்ட கேழ்வரகு அடையைச் சாப்பிட்டுக்கொண்டே கணினியில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வெள்ளப் படத்தில் காலனி முழுக்க அடர்நீலம். அந்த மேடு மட்டும் ஒரு நிறமும் படாமல் வெள்ளையாக இருந்தது. பலகை வைத்தவர் பார்த்தது இந்த ஒரு படத்தைத்தான் என்று புரிந்தது. அவர் கணக்கில் தப்பே இல்லை. அங்கே தண்ணீர் ஏறாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் உயரமானது அந்த இடம், அங்கே உயரமானவை அந்தப் பனைகள் என்பதை வெள்ளப் படம் சொல்லாது. எங்களிடம் இருந்த இடிப் படமும் சொல்லவில்லை. அது ஊர் முழுவதற்கும் ஒரே மஞ்சளைப் பூசியிருந்தது. மேட்டைச் சுற்றித் தேன்மொழி கையாலேயே ஒரு சிவப்பு வட்டம் போட்டார்.

"அப்ப இவங்க எங்கதான் போறது?" என்றார். அடை ஆறிப்போனது.

மூன்றாம் நாள் தேன்மொழியோடு மலைக்கு. வெள்ளிமலைக்குப் போகிற பேருந்தில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா மடியில் இரண்டு கோழிகளோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கோழி என் பையைக் கொத்திக்கொண்டே வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் மழை பிடித்தது. ஒரு வளைவில் ஓட்டுநர் சட்டென்று நிறுத்தினார். ஆட்டுக்குட்டி அளவுக்கு ஒரு கல்லும் அதைச் சுற்றிச் சேறும் சாலையில் கிடந்தன.

"ஆம்பளைங்க எல்லாம் எறங்கி ஒரு கை குடுங்கப்பா!" என்று நடத்துநர் குரல் கொடுத்தார்.

நானும் இறங்கினேன். கல்லைப் பார்க்கவில்லை, அது வந்த இடத்தைப் பார்த்தேன். மரத்தின் வேருக்குக் கீழே மண் வாய் பிளந்து, அங்கிருந்து கலங்கலாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அந்த மாதிரிக் கசிவை எங்கள் ஊரில் மண் இறங்குவதற்கு முன் நான் பார்த்திருக்கிறேன்.

"இங்க நிக்காதீங்க, மேல இருந்து இன்னும் வரலாம்" என்றேன்.

"டெய்லி வருதுங்க மேடம்" என்று நடத்துநர் சிரித்தார். ஆனாலும் சீக்கிரம் தள்ளச் சொன்னார். எல்லாரும் வண்டியில் ஏறி, நாங்கள் அந்த வளைவைக் கடந்தோம். பின்னால் எதுவும் விழவில்லை. என் தொழிலில் பாதி நாள் இப்படித்தான் போகும்: எச்சரிப்பேன், ஒன்றும் நடக்காது, கோழிக்கார அம்மா என்னை இரக்கத்தோடு பார்ப்பார்.

மேலே ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். கடைக்காரர் கோவிந்தன், மலைக்காரர். அவித்த மரவள்ளிக்கிழங்கும் பச்சைமிளகாய்த் துவையலும் தந்தார். முதல் வாயிலேயே எனக்கு எங்கள் தோட்டம் வந்துவிட்டது. நாங்களும் இப்படித்தான் மழைநாளில் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் தின்போம். அப்படி ஒரு மழையில்தான் பக்கத்துத் தோட்டத்தில் மலை இறங்கி ஒரு லயத்தை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியது. எங்கள் லயமும் ஆபத்தென்று எல்லாரையும் கீழே ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் ஓடைக்கரையில் இருந்தது. இரண்டாம் நாள் ஓடை உள்ளே வந்துவிட்டது. எங்களில் யாரும் சாகவில்லை. ஆனால் மலையிடமிருந்து தப்பி வந்தவர்கள் மேசைகளின் மேல் ஏறி நின்றதும், அம்மா நனைந்த அரிசியைத் தன் சேலையில் கொட்டிக் காயவைத்ததும் என் கண்ணிலேயே நிற்கின்றன. ஒரே ஒரு ஆபத்தைக் குறித்த படத்தை அதற்குப் பிறகு என்னால் நம்ப முடிந்ததில்லை.

இதைத் தேன்மொழியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது கோவிந்தன் அடுப்பருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க பேயற மழ எங்ககிட்ட நிக்காதுங்க. ஓடையில எறங்கி கீழ போயிடும். கீழ இருக்கறவங்களுக்கு யாரு சொல்றாங்க?"

"நீங்க சொல்லுங்களேன்" என்று தேன்மொழி தன் எண்ணைக் கொடுத்தார். அவர் அதைச் செல்பேசியில் பதிந்துகொண்டு, "காலேஜி மேடம்னு போட்டுக்கறேங்க" என்றார்.

மழை விட்ட பிறகு சரிவுகளைப் பார்த்துக் குறித்தேன். கோமுகி ஆறு பிறக்கும் பக்கத்தில் நின்று பார்த்தால் சமவெளி ஒரு தட்டைப் போலத் தெரிந்தது. நான் அதுவரை இரண்டு வெவ்வேறு இடங்களாகப் பார்த்தவை ஒரே இடம்தான், மேல்பாதி, கீழ்பாதி.

அடுத்த நாள் முழுவதும் காலனி மக்கள் ஒதுங்க ஓர் இடம் தேடினோம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை வாய்க்காலைக் கடக்கிறது. சமுதாயக் கூடம் எரிவாயு உருளைகள் வைக்கும் கிடங்குக்கு அடுத்த கட்டடம். ஒவ்வொன்றாக விலகி, கடைசியில் அந்தப் பொது மஞ்சளைத் தவிர எந்த நிறமும் விழாமல் நின்றது ஒரு கல்யாண மண்டபம். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், இரண்டு தளங்கள், மாடியில் இடிதாங்கி. காலனியிலிருந்து நடக்கிற தூரம்தான்.

உரிமையாளர் கலியமூர்த்தி நிலபுலன் உள்ள விவசாயி. எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். இலங்கையில் நெல் எப்படி, உரம் கிடைக்கிறதா என்று அக்கறையாக விசாரித்தார். படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"முகூர்த்த நாள்ல தண்ணி வந்தா இன்னாங்க பண்றது? மேல மேடை, சோபா, ஏசி எல்லாம் புதுசு" என்றார். கொஞ்சம் யோசித்து, "கீழ சாப்பாட்டு ஹாலு தர்றேன். அதுல இருந்துக்கட்டும்" என்றார்.

"கீழ் ஹால் சாலைய விடத் தாழ்வா இருக்குதுங்க" என்றேன். "மேல்தளம்தான் பாதுகாப்பு."

"அங்கெல்லாம் தண்ணி வராதுங்க. நான் கட்டினது, எனக்குத் தெரியும்."

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்காமல் தேன்மொழி சற்று நேரம் நின்றார்.

"சோபாவுக்காக இல்லைங்க" என்றார். "இந்த மண்டபத்துல அந்தத் தெருக்காரங்க கல்யாணம் ஒண்ணுகூட நடந்ததில்ல. கேட்டா தேதி இல்லன்னுவாரு. நல்ல மனுஷன்தான். எங்க பெரியப்பாவுக்குச் சிநேகிதர். எங்க வீட்டுலயும் அவர மாதிரிதான் யோசிப்பாங்க."

இதை எந்த நிறத்தில் போடுவது என்று நான் கேட்கவில்லை. கீழ் ஹாலாவது கிடைத்ததே என்று அன்று குறித்துக்கொண்டோம்.

நான் கிளம்ப வேண்டிய நாளுக்கு முதல் நாள் மதியம் கோவிந்தன் அழைத்தார். தேன்மொழி செல்பேசியை என் பக்கமும் திருப்பினார். "காலேஜி மேடம், மேல பிச்சிக்கினு ஊத்துதுங்க. ஓடையெல்லாம் செவப்பா போவுது." அப்போது கள்ளக்குறிச்சியில் தூறல்கூட இல்லை. தேன்மொழி அதிகாரிகளுக்குச் சொன்னார். பிறகு நாங்கள் காலனிக்குப் போனோம்.

போய்ச் சேர்வதற்குள் இங்கேயும் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. வாய்க்கால் நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் நுழைந்துகொண்டிருந்தது. ஜனங்கள் மூட்டையும் பிள்ளையுமாக வெளியே வந்து, பழகிய காலோடு பலகைப் பக்கம் திரும்பினார்கள். போன தடவை நடந்ததை எல்லாரும் அறிவார்கள். ஆனால் போக வேறு இடம் இருப்பதாக யாரும், நாங்களும்கூட, அவர்களுக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை.

நாங்கள் கத்துவதற்கு முன்னால் அஞ்சலை அந்த வரப்பின் தலைப்பில் போய் நின்றுவிட்டார். இடுப்பில் சங்கீதா, முகத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டு.

"மோட்டுக்கு யாரும் போவாதீங்க" என்றார். "போவ வுட மாட்டேன்."

"பின்ன எங்கடி போறது?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"மண்டபத்துக்கு" என்றார் தேன்மொழி. "பேசியாச்சு. வாங்க."

கலியமூர்த்தி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். குடை பிடித்துக்கொண்டு அவரே வந்து கீழ் ஹாலைத் திறந்துவிட்டார். ஒரு பாத்திரம் நிறையப் பாலும் கொண்டுவந்திருந்தார். சாப்பாட்டு மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். இடி இடித்தபோதெல்லாம் சங்கீதா மேசைக்கு அடியில் இன்னும் உள்ளே நகர்ந்தாள்.

அரைமணி ஆகியிருக்காது. சமையல்கட்டுப் பக்கமிருந்து ஒரு நீர்க்கோடு தரையில் மெல்ல ஊர்ந்து வந்தது. பிறகு கதவுக்கு அடியிலிருந்தும். எழுந்து நின்றோம். கணுக்கால் வரை ஏறியது. எனக்கு அந்தப் பள்ளிக்கூடமும் மேசைகளும் நினைவுக்கு வந்தன.

அஞ்சலை குனிந்து மகளை வெளியே இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். மேலே இரும்புக் கதவு பூட்டியிருந்தது. கலியமூர்த்தி பின்னாலேயே ஏறி வந்தார்.

"மேல வேணாம்மா. தண்ணி இதுக்கு மேல ஏறாது. கீழயே இருங்க."

அஞ்சலை திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"போன தடவ சொன்ன எடத்துலதாங்க நின்னேன். இனிமே நிக்க மாட்டேன்."

அவ்வளவு சொல்லிவிட்டுப் பூட்டிய கதவின் முன் படியில் உட்கார்ந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஏறி அவருக்குக் கீழே உட்கார்ந்தார்கள். கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், எல்லாரும். படிகள் நிறைந்துவிட்டன. கலியமூர்த்தியால் இறங்கவும் முடியவில்லை. யாரும் அவரைத் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை.

தேன்மொழி கீழ்ப்படியில் தண்ணீரில் நின்றபடி, "சித்தப்பா, தொறந்து வுடுங்க" என்றார். அவரைத் தேன்மொழி உறவுமுறை சொல்லி அழைத்து அன்றுதான் கேட்டேன்.

வெளிச்சம் ஒன்று பாய்ந்தது. அதோடு சேர்ந்தே இடி. கட்டடம் அதிர்ந்தது. சங்கீதா அலறிய அலறல் இடிக்குப் பிறகும் நிற்கவில்லை. கலியமூர்த்தி அந்தக் குழந்தையைப் பார்த்தார். பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். பூட்டு தொங்கி ஆடியதால் சாவி துவாரத்தில் சரியாக விழவில்லை. அஞ்சலைதான் பூட்டை நிமிர்த்திப் பிடித்துக் கொடுத்தார்.

கதவு திறந்தது.

"செருப்ப வெளிய வுடுங்க" என்றார் கலியமூர்த்தி.

எல்லாரும் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். முதலில் சோபாக்களில் யாரும் உட்காரவில்லை. தரையிலேயே சுவரோரமாக இருந்தார்கள். மெல்ல மெல்லக் குழந்தைகள் மேடைக் கம்பளத்தில் சாய்ந்தன. கீழ் ஹாலில் தண்ணீர் மேசைக்கால்களின் பாதிவரை ஏறி நின்றது. மேட்டுப் பக்கம் இடி விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அங்கே அன்று யாரும் இல்லை.

காலையில் மழை ஓய்ந்திருந்தது. காலனியில் இரண்டு சுவர்கள் சரிந்துவிட்டன என்று முன்னே போய்ப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். உயிருக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. மூட்டைகளோடு ஜனங்கள் படியிறங்கத் தொடங்கியபோது, எதிரே இரண்டு வேலையாட்கள் துடைப்பமும் வாளிகளுமாக ஏறி வந்தார்கள். ஒரு வாளியில் பினாயில். இன்னொன்றில் மஞ்சள் கரைத்த தண்ணீர்.

"நாளைக்கி ஒரு நிச்சயதார்த்தம் இருக்குதுங்க" என்று கலியமூர்த்தி என்னிடம் சொன்னார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

தேன்மொழி தலை குனிந்துகொண்டார். படியில் பாதி இறங்கியிருந்த அஞ்சலை நின்று அந்த மஞ்சள் தண்ணீரைப் பார்த்தார். முகத்தில் கோபமோ வருத்தமோ எனக்குத் தெரியவில்லை. களைப்பு மட்டும் தெரிந்தது.

"கழுவட்டுங்க" என்றார், கலியமூர்த்தியின் காதில் விழும்படியாகவே. "அடுத்த மழைக்கும் வருவோம்."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி வீட்டைப் பார்க்க நடந்தார்.